நெல் அறையில் என் மனைவி போட்ட ஆல்பம்

எங்கள் பேண்டில் டிரம்ஸ் எனக்கு, பாஸ் கிட்டார் என் மனைவிக்கு. இதைக் கேட்டதும் "அப்ப வீட்லயும் தினம் கச்சேரிதான்" என்று கண்ணடிக்காத மனிதரைத் தஞ்சாவூர் ஜில்லாவில் நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பதிலுக்கு நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன், வேறென்ன செய்ய.

நாங்கள் மொத்தம் நாலு பேர். பாடுபவன் தஞ்சாவூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். லீட் கிட்டார் வாசிப்பவர் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறார். வேன் அவருடையது என்பதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எனக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. என் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விசிட்டிங் கார்டில் ராக் பேண்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். ஆனால் எப்போதாவது வரும் கல்லூரி விழாவை விட்டால், எங்களைக் கூப்பிடுவதெல்லாம் கல்யாண ரிசப்ஷனுக்குத்தான். அங்கே சினிமாப் பாட்டு வாசித்தால்தான் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவார்கள். எங்கள் சொந்தப் பாட்டுகளைப் பந்தி நடக்கும் நேரத்தில், முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது வாசிப்போம். எனக்கு அது பெரிய அவமானம். அந்தக் கோபத்தைச் சிம்பலில் காட்டுவேன். அவளுக்கு அப்படியெல்லாம் இல்லை. "இலையில உக்காந்துட்டா பாதியில எழுந்து போக மாட்டாங்க. இதவிட நல்ல ஆடியன்ஸ் எங்க கிடைக்கும்?" என்பாள்.

சொந்தப் பாட்டுகள் எல்லாமே அவள் எழுதியவை. வார்த்தையும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. ஆனால் பாடுவது அந்தச் செல்போன் கடைக்காரன். எனவே பாட்டு முடிந்ததும் கைகொடுக்க வருகிறவர்கள் நேரே அவனிடம்தான் போவார்கள். அவனைக் குறை சொல்லவில்லை, நல்ல குரல், நல்ல உயரம், தலைமுடியும் இன்னும் கொட்டவில்லை. யாராவது இவளிடம் வந்து "பாட்டு சூப்பர்ங்க" என்றால்கூட இவள் கிட்டாரைப் பிடித்திருந்த கையை எடுத்து அவன் பக்கம் நீட்டிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ எழுதுனதுன்னு சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும்?" என்று வேனில் ஏறியதும் சண்டை பிடிப்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் பாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் பைக்கை ஓட்டிப் போகிறோம். முன்பின் தெரியாத ஒருவர், எதிரே பஸ்ஸில் போகிறவர், டீக்கடையில் நிற்கிறவர், உயிர் போகிற மாதிரி "சைடு ஸ்டாண்ட்!" என்று கத்துவார். நாம் காலால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். இதை வைத்து அவள் ஒரு காதல் பாட்டு எழுதினாள். கேட்ட அன்றைக்கு நான் கடையைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன், அதில் இவ்வளவு அன்பு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரி விழாக்களில் இந்தப் பாட்டு வந்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து சைடு ஸ்டாண்ட் என்று கத்தும். கைகொடுத்தது வழக்கம்போல அவனுக்குத்தான்.

ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போகும்போதுதான் எழுதுவாள். வரி வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி போனில் பாடிப் பதிந்துகொள்வாள். தன் அம்மா வாயில் வராத வார்த்தை எதுவும் பாட்டில் வரக்கூடாது என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். ஒருமுறை உதவி செய்கிற நினைப்பில் நிலாவைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். "நிலாவ விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரேகைப் பாட்டு வந்தது, வினையும் வந்தது.

அவள் அம்மா, அதாவது என் அத்தை, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து ஊரார் வயலில் நடவும் களையெடுப்புமாகச் சேற்றிலேயே கிடந்த கை. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்துவிட்டது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், ஆனால் விரல் நுனி தேய்ந்தது தேய்ந்ததுதான். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் அவர்களை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அவர்களும் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். பத்தும் முடிந்தபின், "ஏந்தம்பி, கால் வெரலையும் வைக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்களாம். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், கடைக்காரர் உட்பட. பிறகு போனுக்கு ஓடிபி வரவழைத்து அரிசியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் மனைவி அப்போது கூடவே நின்றிருந்தாள். அடுத்த வாரம் பாட்டு தயாராகிவிட்டது.

"கட்ட வெரல வைக்கச் சொன்ன,
வச்சேன் சாமி வச்சேன்.
ஆளே இல்லங்குது மெசினு,
அப்ப இங்க நிக்கிறது ஆரு?"

இப்படித் தொடங்கும். முடிவு இப்படி:

"பத்து வெரலும் பாத்தாச்சு,
பத்தலன்னா காலு இருக்கு.
ரேகை எங்க போச்சுன்னு கேக்காத,
வயலுக்குள்ள போயிப் பாரு."

ஒரு கல்லூரி விழாவில் இதை முதல்முறையாக வாசித்தோம். எங்கள் பாடகன் கடைசி வரியில் கண்ணை மூடி, நரம்பு புடைக்க, வானத்தைப் பார்த்துக் கத்தினான். நானும் விடுவேனா, சிம்பலைப் பிளந்து கட்டினேன். பையன்கள் விசிலடித்தார்கள். எனக்குப் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் என் மனைவி பாஸ் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பாட்டு பாக்கி இருந்தது.

மேடைக்குப் பின்னால் போய் நின்றோம். "எங்கம்மா கத்தலண்ணே. சிரிச்சாங்க" என்றாள் அவனிடம்.

"தங்கச்சி, இதுல சிரிக்க என்ன இருக்கு? கேக்குறவனுக்கு ரத்தம் கொதிக்க வேணாமா?" என்றான். நான் அவனுக்கு மாப்பிள்ளை முறை, அதனால் அவள் தங்கச்சி.

"கொதிக்கட்டும். ஆனா அவங்க சிரிச்சாங்க. பாட்டும் சிரிக்கணும்."

"அப்ப நீயே பாடு. நீ பாடுனா ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டுவாங்க. ஒரு ஆளு சிரிக்க மாட்டான், எழுதி வச்சுக்க."

அவன் கோபத்தில் சொன்னது. ஆனால் அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் தனி ஆல்பம் போட முடிவு செய்தாள். மற்ற பாட்டுகள் எல்லாம் இதற்குத் துணைக்கு வந்தவை. தன் குரலில் அந்தப் பாட்டு சிரிக்குமா, அல்லது அவன் சொன்ன மாதிரி அழுது வடியுமா என்பது தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. சிரிக்கவில்லை என்றால் இனி எழுதப் போவதில்லை என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை.

மறுநாளே பாடகன் எனக்கு போன் செய்தான். "என்ன மாப்ள, தங்கச்சி தனிக்குடித்தனம் போகுதாமே?"

எனக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அவளிடம் கேட்டேன். "ஆல்பத்துல டிரம்ஸே இல்லையா?"

"இல்லங்க."

"ஒரு பாட்டுலகூடவா?"

"டிரம்ஸ் வந்தா நான் கத்தணும். கத்துனா அது நான் இல்ல. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

ரசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். ரசத்தின் மேல் என்ன கோபம் என்று கேட்டாள்.

பாட்டைப் பதிவு செய்ய அவள் பிடித்த இடம் எங்கள் வீட்டு நெல் அறை. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் இடமில்லாததால் அப்பா மூட்டைகளைக் கொல்லைப்புற அறையில் சுவரோடு சுவராக அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் சாக்கு எடுக்க உள்ளே போனவள், தும்மிவிட்டு அப்படியே நின்றாள். மறுபடி ஒரு தும்மல், வேண்டுமென்றே. பிறகு கைதட்டிப் பார்த்தாள். எதிரொலி என்பது துளிகூட இல்லை. நெல் மூட்டை அத்தனை சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது. சென்னையில் பஞ்சும் பலகையும் ஒட்டி வாடகைக்கு விடுகிறார்களே, அதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது என்று லீட் கிட்டார்காரர் சொல்லிவிட்டு, தன் மைக்கையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவிடம் கேட்டதற்கு, "நெல்லு மேல காபிய கொட்டிடாதம்மா, ஈரப்பதம் ஏறிடும்" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விட்டு வந்ததும் ஐந்து மணிக்கு மேல் வேலை நடக்கும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், எதிரே மைக். காற்று வராது, ஃபேன் போடக்கூடாது, நெல்லின் சுணை வேறு. கழுத்தைச் சொறிந்துகொண்டே பாடினாள். கொஞ்சம் கரகரத்த, அடித்தொண்டைக் குரல், வகுப்பில் கத்திக் கத்தி வந்தது. பாடுவதற்கும் பேசுவதற்கும் இடையில் எங்கேயோ நிற்கும். சைடு ஸ்டாண்ட் பாட்டை அந்தக் குரலில் கேட்டபோது, அது பக்கத்திலிருந்து யாரோ எனக்காகவே சொல்வதுபோல் இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை, மோட்டாரை நிறுத்துவது, ஃபிரிட்ஜை அணைப்பது, கோழியை விரட்டுவது, வாசலில் வருகிற மீன்காரரிடம் ஹாரனை அடிக்காமல் போகச் சொல்வது. இருபது வருடமாக டிரம்ஸ் அடிக்கிறவன், என் பங்குக்குச் சத்தத்தைத் தடுத்துக்கொண்டு நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, அதையும் நன்றாகவே செய்தேன்.

ரேகைப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். குரல் பழகட்டும், பயம் போகட்டும் என்று. இங்கேதான் கணக்கு டீச்சரின் கணக்கு தப்பியது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை பங்குனிக்கு முன்னால் வந்ததாக எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே இல்லை. எப்படியும் தாமதமாகும் என்கிற தைரியத்தில்தான் ஆல்பத்துக்கே நாள் குறித்திருந்தாள். இந்த வருடம் பார்த்து மாசி முடிவதற்குள் அப்பா சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, டோக்கன் வந்துட்டு! நாளைக்குக் காலையில மூட்டைய கொண்டாரச் சொல்லிட்டாங்க."

ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவள் முகம் விழுந்துவிட்டது. "ஒரு நாலு நாள் கழிச்சுப் போடலாமா மாமா?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "மழ வரும்ங்குறாங்கப்பா" என்றார் மெதுவாக. வருடம் முழுக்க வயலில் நின்ற மனிதரிடம் பாட்டுக்காக நெல்லை வைத்திரு என்று எந்த வாயால் கேட்பது? காலையில் மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றும்போது அவளே கூட நின்று கை கொடுத்தாள்.

அறை காலியாகிவிட்டது. கதவைத் திறந்து செருமினால் நாலு சுவரும் திருப்பிச் செருமின. அப்பாவுக்கு மனது கேட்கவில்லை. சாயங்காலமே வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினார். எதிரொலி குறைந்தது, தும்மல் கூடியது. இரண்டு வரி பாடினால் நாலு தும்மல். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய, "பாட்டு சிரிக்கணும்னு பாத்தா நானே அழுதுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். வைக்கோலும் வெளியே போனது.

காலி அறையின் நடுவில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். ஏதாவது ஆறுதல் சொன்னால் அடி விழும் போலிருந்தது. அவள் ஒருமுறை கைதட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ரேஷன் கடையும் இப்படித்தான முழங்கும்?" என்றாள்.

ஆமாம், முழங்கும். ஷட்டர் போட்ட உயரமான கூடம், ஒரு ஆள் பேசினால் ஒன்பது ஆள் பேசுவதுபோல் இருக்கும். அவள் எழுந்து மைக்கைத் தன் முகத்துக்கு முன்னாலிருந்து எடுத்து அறையின் மூலையில் வைத்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, மூலையில் கிடந்த காலி எண்ணெய் டின்னை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஒவ்வொரு வெரலுக்கும் ஒரு தட்டு. வெரலால மட்டும். குச்சிய எடுத்தீங்கன்னா வெளிய அனுப்பிடுவேன்."

டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் பாட ஆரம்பித்தாள். கட்டை விரலுக்கு ஒரு தட்டு, அது அறை முழுக்கச் சுற்றி வந்து அடங்கியது. ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. இப்படியே போய், கடைசி விரலுக்கு முன்னால் வியர்த்த கையிலிருந்து டின் நழுவி, கடகடவென்று உருண்டு, கதவில் மோதி நின்றது. போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பாட்டை நிறுத்தவில்லை. "பத்தலன்னா காலு இருக்கு" என்பதைச் சிரிப்பை அடக்க முடியாமல் பாடினாள். அந்தச் சிரிப்போடேயே கடைசி வரிக்குப் போனாள். "வயலுக்குள்ள போயிப் பாரு" வரும்போது சிரிப்பு மெல்லத் தணிந்திருந்தது. மறுபடி பாடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரிசப்ஷன் வந்தது. பேண்ட் இன்னும் பிரியவில்லை என்றாலும் பாடகனும் அவளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் மூடிக்கொண்டது. அந்தக் கேட் மூடினால் வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று முடித்து, ஊர்க்கதை பேசி முடித்து, எல்லோருடனும் சமாதானமாகப் போய்விடலாம். எங்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டு எதுவாக இருந்தாலும் வேன் கதவைத் திறந்துவிட்டு அந்தக் கேட்டில் போடுவோம். நிற்கிற வண்டிகளிலிருந்து ஒருவராவது இறங்கி வந்து என்ன பாட்டு என்று கேட்டால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவோம். கேட்டில் நிற்பவர்கள் யாரும் முகதாட்சண்யத்துக்காகப் பாராட்ட மாட்டார்கள்.

லீட் கிட்டார்காரர் யாரையும் கேட்காமல் ரேகைப் பாட்டைப் போட்டுவிட்டார். "அண்ணே, வேணாம்ண்ணே" என்று இவள் முன்சீட்டை எட்டிப் பிடித்தாள். அதற்குள் முதல் வரி ரோட்டுக்குப் போய்விட்டது. பாடகன் முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ. உளுந்து பிடுங்கிவிட்டுத் திரும்பும் பெண்கள், தலையில் துண்டு, மேலெல்லாம் புழுதி. களைத்துப்போய்ப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஆளே இல்லங்குது மெசினு" என்று வந்ததும் ஓரத்தில் இருந்தவர் தலையைத் திருப்பினார். "அப்ப இங்க நிக்கிறது ஆரு?" என்றதும் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் ஒரு அடி வைத்தார். அடுத்தடுத்த விரலுக்கு அவர்களே தங்கள் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். டின் உருண்ட இடத்தில் ஒருவர் ஓவென்று சிரித்தார். "காலு இருக்கு" என்று வந்தபோது ஆட்டோ முழுக்கச் சிரிப்பு, டிரைவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடைசி வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

ஓரத்தில் இருந்தவர் இறங்கி வேன் கதவுக்கு வந்தார். "யாரும்மா இத பாடுனது?"

அவள் கை வழக்கம்போல முன்சீட்டின் பக்கம் கிளம்பியது. பாதியில் நின்றது.

"நான்தாங்க. எங்கம்மாவுக்கு நடந்தது. நான்தான் எழுதுனேன், நான்தான் பாடுனேன்."

"ஒங்கம்மாகிட்ட சொல்லும்மா, வெரல தலையில நல்லா ஒரு தேய் தேய்ச்சிட்டு வைக்கச் சொல்லு. எண்ணெப் பசை இருந்தா எடுத்துக்கும். எனக்கு அப்படித்தான் எடுக்குது" என்று தலையில் தேய்த்தும் காட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

கேட் திறந்தது. ஹாரன்கள் அலறின. அந்தக் களேபரத்திலேயே அவள் அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பாட்டையும் ஆட்டோவையும் சொல்லி, தலையில் தேய்க்கிற யோசனையையும் சொன்னாள்.

"ஏண்டி, என் வெரல ஊருக்கெல்லாம் காட்டிட்டு வர்றியா?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்த முடியாத சிரிப்பு. நடுவில் இருமல், பிறகு மறுபடியும் சிரிப்பு. வேன் ரயில் பாதையைத் தாண்டிக் குலுங்கிக்கொண்டு போனது. எங்கள் பாடகன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, திரும்பி, அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் மேடையில் ஒயர் எல்லாம் மாட்டி முடித்ததும் அவன் அவளிடம் போனான். "தங்கச்சி, ரேகைப் பாட்ட நீ பாடு. மொத பாட்டா" என்றான். அவள் பதில் சொல்வதற்குள், தன் உயரத்துக்கு இருந்த மைக் ஸ்டாண்டைத் திருகித் தளர்த்தி, அவள் உயரத்துக்கு இறக்கி வைத்து, ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மேடை ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.